மஞ்சள் படிந்த போத்தல்

உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவை எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு இப்போதும் சில பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். கூட வரும் தாய் தகப்பனுக்கு வேறு கேள்விகள் இருக்கும். எந்த ரியூஷன் நல்லது, எவ்வளவு புள்ளி எடுத்தால் டொக்டருக்குப் போகலாம் என்று கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது. நான் ஓர் ஆய்வுகூட அலுமாரியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். பாதிக் கதையில் தாய்மார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் வருகிற பிள்ளை விஞ்ஞானம் படிக்கலாம் என்பது என் எண்ணம். விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

நான் சிலாபத்துக்கு வடக்கே, உடப்பு என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்தவள். பட்டம் முடித்துச் சில காலம் வீட்டில் இருந்த பின்னர், கற்பிட்டி வீதியில் இருந்த ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. ஒரு பக்கம் உப்புநீர்க் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே மணலும் தென்னையும் வெங்காயத் தோட்டங்களும். யுத்தம் வடக்கில் நடப்பதாகத்தான் வானொலி சொல்லும். ஆனால் எங்கள் பஸ்ஸும் காவலரணுக்குக் காவலரண் நிற்கும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைத் தேடும் விரலைப் பார்த்துக்கொண்டு நானும் வரிசையில் நிற்பேன். பாடசாலைக்குப் பின்னால், வடக்கிலிருந்து ஆயுத இயக்கத்தால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனங்கள் தென்னங்கிடுகுக் குடிசைகளில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில்தான் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்தவர்தான் எங்கள் பௌதிகவியல் ஆசிரியர். மன்னார்ப் பக்கம். நாற்பதை எட்டியிருப்பார். வெள்ளைச் சட்டையைத் தினமும் தோய்த்து அதையே மறுநாளும் போட்டு வருவார். ஊரில் தான் சேர்த்து வைத்திருந்த வில்லைகளையும் காந்தங்களையும் பற்றிச் சில வேளைகளில் கதைப்பார். எல்லாம் விட்டுவிட்டு வந்தவை.

எங்கள் ஆய்வுகூடம் எனக்கு முன்னிருந்த ஆசிரியர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. முதல் தவணை முடிவதற்குள் ஒரு பரிசோதனையாவது செய்து காட்ட வேண்டும் என்று அதிபரிடம் சாவியை வாங்கினேன். பௌதிகவியல் ஆசிரியரும் ஏதாவது கருவி கிடைக்குமா என்று பார்க்கக் கூட வந்தார். உள்ளே வெக்கையும் பல்லி எச்சமும். மூலையில் இருந்த மர அலுமாரியின் கதவு இறுகிப்போயிருந்தது. அவர் இழுத்துத் திறந்தார். அலுமாரி முழுவதும் ஒரு முறை குலுங்கியது.

அமிலங்கள், உப்புகள், கறையான் தின்ற பெயர்ச்சீட்டுகள். கீழ்த்தட்டில் தனியாக ஒரு கபில நிறப் போத்தல் இருந்தது. உலோக மூடி. மூடியைச் சுற்றிலும் கழுத்திலும் பளீரென்ற மஞ்சளில் பொருக்கு. பெயர்ச்சீட்டில் முதல் சில எழுத்துகள்தான் மிச்சம்.

"என்ன வடிவான நிறம்" என்று சொல்லிக்கொண்டு அவர் குனிந்து கையை நீட்டினார்.

"சேர், கையை எடுங்க. மெதுவா. அந்தத் தட்டில ஒண்டையும் தொடாதேங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அது பிக்ரிக் அமிலம். உயிரியலில் தவளை, மீன் உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் கரைசலுக்கு அந்தக் காலத்தில் பாவித்தார்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது சாதாரண இரசாயனம். தண்ணீர் காய்ந்துபோனால் வெடிமருந்து. உலோக மூடியோடு சேர்ந்து காய்ந்தால் இன்னும் மோசம். மூடியைத் திருகும்போது புரியில் சிக்கிய துகள் உரசினாலே போதும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு நாள் போகிற போக்கில் ஒரு விரிவுரையாளர் இதைச் சொன்னார். பரீட்சைக்கு வராத விஷயம் என்று பலர் எழுதிக்கொள்ளவில்லை. படிக்கப் போகிற பிள்ளைகளே, பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் பேனையை மூடாதீர்கள். எங்களுடைய கையும் கண்ணும் மிஞ்சியது அப்படி ஒரு வாக்கியத்தால்தான்.

அலுமாரிக் கதவைத் திரும்பச் சாத்த எங்களுக்குத் துணிவு வரவில்லை. திறந்தபடியே விட்டு, பின்பக்கமாக நடந்து வெளியே வந்து, ஆய்வுகூடத்தைப் பூட்டினோம்.

அதிபர் சிலாபக் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஓய்வுபெறும் வயதுக்குக் கிட்டியவர். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

"டீச்சர், நீங்க ஒரு தமிழ்ப் பிள்ள, உடப்பு. இவர் மன்னாரில இருந்து வந்து அகதி முகாமில இருக்கிறவர். வெடிமருந்து எண்ட சொல்ல நாங்க மூண்டு பேரும் வாயில எடுக்கலாமா?"

"எடுக்காட்டி அது வெடிக்காதா சேர்?"

"நான் அப்பிடிச் சொல்லயில்ல மகள். ஆமிக்குச் சொன்னா, ஏன் வச்சிருந்தீங்க எண்டு கேப்பான். எங்கட கையில என்ன பதில் இருக்கு? கொஞ்சம் பொறுங்க. கல்விக் கந்தோருக்குச் சொல்லிப் பாப்பம்."

அவர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். பழைய இரசாயனப் பொருள்களை அகற்ற ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். பார்க்கலாம் என்றார்களாம். யாரும் வரவில்லை.

அது தென்மேல் காற்றுப் பருவம். காற்று தொடங்கினால் மணல் வகுப்பறைக்குள் வந்து கொப்பிகளின் மேல் படியும். என் வகுப்பு ஆய்வுகூடத்துக்கு அடுத்த அறையில். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அலுமாரிக் கதவு ஆடி அடிபடும். டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் டொக். ஒவ்வொரு முறையும் வெண்கட்டி என் கையில் நின்றுவிடும். பிள்ளைகள் அதைக் கவனித்தார்கள். "மிஸ், உள்ளுக்கு யாராச்சும் இருக்காங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். உச்சமுனைத் தீவிலிருந்து வள்ளத்தில் வந்து, உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்த பெண் அவள். "காத்துப் பிள்ள" என்றேன். அடுத்த நாளே வகுப்பை முற்றத்தின் மறுகோடிக்கு, பூவரச மரத்துக்குக் கீழே மாற்றினேன். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

காற்றைவிடப் பயம் தந்தது கடல். எங்கள் கரையில் சிலர் வெடி போட்டு மீன் பிடிப்பார்கள். தூரத்தில் ஒரு வெடி கேட்டால் பாடசாலை ஓடுகள் மெல்ல அதிரும். பிள்ளைகளுக்கு அது பழகிய சத்தம், தலையைக்கூடத் திருப்பமாட்டார்கள். நானும் பௌதிகவியல் ஆசிரியரும் மட்டும் இரண்டு வகுப்புகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆய்வுகூடக் கூரையைப் பார்ப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அவர் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். நான் அறிந்தபோது வெளியே வந்துவிட்டார். அலுமாரிக் கதவை ஒரு கயிற்றால் மேசைக் காலோடு இழுத்துக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே சேர்."

"சொன்னா நீங்களும் வந்திருப்பீங்க" என்றார். அவ்வளவுதான். பள்ளிவாசலுக்கு நடந்தார்.

இந்த விஷயம் எங்கள் மூவருக்கு வெளியே எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நாள் இடைவேளையில் பாடசாலைப் படலையடியில் ஓர் ஆள் எனக்காகக் காத்து நின்றார். தேய்த்த சட்டை, கையில் குடை. பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்த தகப்பன் என்றுதான் நினைத்தேன்.

"மிஸ்தானே கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற?"

"ஓம், நீங்க?"

"ஸ்கூல்ல ஒரு சாமான் சும்மா கிடக்குதாமே. மிஸ்மாருக்கும் தலையிடிதானே. தந்தா நாங்க கொண்டுபோயிடுவம். வேற ஒண்டுக்குமில்ல மிஸ், மீனுக்குத்தான்."

"அப்பிடி ஒரு சாமானும் இங்க இல்ல."

"இல்லாட்டி நல்லம்." அவர் சிரித்தார். "மிஸ் கோயிலுக்குப் பின்னால போர்டிங்தானே? அந்தப் பக்கம் லைட்டும் இல்ல. கவனமாப் போய் வாங்க."

குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார். அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அன்றே மற்ற இருவருக்கும் சொன்னேன்.

அந்த வாரமே ஆய்வுகூடப் பூட்டைச் சுற்றிப் புதிதாகக் கீறல்கள் விழுந்திருந்தன. துருவுக்கு நடுவே இரும்பு மினுங்கியது. பூட்டு உடையவில்லை. அடுத்த முறை உடையும் என்பது மூவருக்கும் தெரிந்தது. அதிபர் அதை விரலால் தடவிப் பார்த்தபடி நின்றார்.

"சேர், அவன் இதை பஸ்ஸில கொண்டு போவான். இல்லாட்டி சைக்கிள்ல. மீனுக்கெண்டுதான் அவன் சொல்றான். வேற யாருட்டப் போகுமெண்டு எங்களுக்குத் தெரியுமா? நான் போய்ச் சொல்லப்போறன். நான்தான் கெமிஸ்ட்ரி டீச்சர்."

"தனியப் போக ஏலாது" என்றார் பௌதிகவியல் ஆசிரியர்.

அதிபர் உள்ளே போய்ச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்தார். "வாங்க, நானே முன்னுக்குப் போறன்."

நடுப்பகலில் மூவரும் இராணுவ முகாமுக்கு நடந்தோம். வாசலில் இருந்த சிப்பாய் எங்களை வெயிலில் நெடுநேரம் நிறுத்திவைத்துவிட்டு ஓர் இளம் அதிகாரியிடம் அனுப்பினான். அதிபருக்குச் சிங்களம் நன்றாக வரும். அவர் தொடங்கியதும் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, டீச்சரே சொல்லட்டும் என்றார்.

என் சிங்களம் சிலாபச் சந்தையில் மரக்கறி வாங்கப் பழகியது. பளிங்கு என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. "கஹ பாட்ட, சீனி வகே" என்றேன். மஞ்சள் நிறம், சீனி மாதிரி. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஸ்கூலில் சீனி இருப்பதைச் சொல்லவா வந்தீர்கள் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பிபிரெனவா" என்றேன். வெடிக்கும்.

அந்த அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நின்றது.

அந்தப் பளிங்குக்குச் சிங்களத்தில் ஸ்படிக என்பார்கள் என்று வெகுகாலத்துக்குப் பின்னர் அறிந்தேன். நம்முடைய ஸ்படிகம்தான். அன்று அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே சீனியைத் தேடியிருக்கிறேன். ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் பாடத்தை மற்ற மொழியிலும் நாலு வார்த்தை சொல்லப் பழகுங்கள். ஆபத்து என்ற சொல்லில் தொடங்குங்கள்.

எங்களை மூன்று அறைகளில் தனித்தனியாக இருத்தினார்கள். பாடசாலைக்கு வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது. பிள்ளைகளை வெளியே எடுத்தார்களா என்று கேட்டேன், காவலுக்கு நின்ற சிப்பாய் கதவைச் சாத்தினான். அதிகாரி, தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இது வெடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது? பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வேறு யாருக்கெல்லாம் தெரியும்? இரசாயனவியல் படித்த எவருக்கும் தெரியலாம். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை? பயத்தில். யாருக்குப் பயந்து? நான் மேசையைப் பார்த்தேன். அதற்கு உண்மையான பதிலை அந்த மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு சொல்ல முடியாது. குடையோடு வந்த ஆளைப் பற்றி மட்டும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

பிறகு அதிகாரி இன்னொரு கேள்வி கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"உங்கட பிள்ளைகளுக்கு இதைச் செய்யத் தெரியுமா எண்டு சேர் கேக்கிறார்" என்றார் பொலிஸ்காரர்.

பூவரச மரத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு முகமும் என் கண்முன் வந்தது. அதில் பெடியன்களும் இருந்தார்கள். தாடி அரும்பத் தொடங்கிய, அடையாள அட்டை புதிதாக எடுத்த பெடியன்கள். நான் வாயைத் திறந்து சொல்லும் எந்தச் சொல்லும் அந்த வீடுகளின் வாசலில் போய் நிற்கும்.

"தெரியாது. பாடவிதானத்தில இல்ல."

பாடவிதானத்தைக் கொண்டு வா என்றார். ஒரு சிப்பாயை அனுப்பி என் பையை எடுப்பித்தார்கள். அவர் தமிழ் வாசிக்கமாட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓர் இடத்தில் நிறுத்தி, மூலக்கூறுகளின் அறுகோண வடிவங்களைக் காட்டினார். இவை என்ன? ஏன் எல்லாம் ஆறு மூலை? ஏதோ முகாமின் வரைபடத்தைக் காட்டிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அது காய்ச்சல் குளிசையில இருக்கிறது" என்றேன். "சேரும் குடிச்சிருப்பார்."

பொலிஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தார். நான் அப்படிக் கதைத்திருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். பிறகு அவர் பாடவிதானத்தை மூடிவிட்டு எழுந்து போனார்.

பின்னேரம் அது வெடித்தது. குண்டு அகற்றுகிறவர்கள் வந்து, போத்தலை மணல் வாளியில் வைத்து, கடல் பக்க வெறும் கரைக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்திருக்கிறார்கள். எனக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அறைக்குள் இருந்தவாறே கேட்டேன். கடலில் கேட்டுப் பழகிய வெடி அல்ல அது, காய்ந்த, கூரான சத்தம். மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பை நகர்ந்தது. பாடசாலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒருவர் வந்து விஷயத்தைச் சொல்லும்வரை நான் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது அதிபரையும் என்னையும் விட்டார்கள். பௌதிகவியல் ஆசிரியரை விடவில்லை. அதிபர் முகாம் வாசலை விட்டு அசைய மறுத்தார். "அவர் வராம நான் போகமாட்டன். என்ட ஸ்கூல் மாஸ்டர்" என்று சிங்களத்தில் சத்தமாகச் சொன்னார். அதுவரை அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும் மறுநாள் காலையில்தான் பௌதிகவியல் ஆசிரியரை விட்டார்கள். அதற்குள் பாடசாலைக்குப் பின்னால் இருந்த குடிசைகளையெல்லாம் சோதனை போட்டிருந்தார்கள். அவருடைய மனைவியின் தையல் மெஷினைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். அயலவர் சிலர் அவரோடு கதைப்பதை விட்டார்கள். உங்களால்தான் எங்கள் வீட்டுக்குள் ஆமிச் சப்பாத்து வந்தது என்றார்களாம்.

"நாங்க செஞ்சது சரிதானே சேர்?" என்று ஒரு நாள் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன்.

"சரிதான் டீச்சர். சரியானதச் செஞ்சிட்டுத்தான் இப்பிடி இருக்கிறம்" என்றார். ஆண்டு முடிவில் மாற்றம் வாங்கிக்கொண்டு முந்தல் பக்கம் போய்விட்டார்.

போத்தலோடு போகவில்லை விஷயம். சில நாட்களில் ஒரு வாகனம் வந்து அமிலங்கள், நைத்திரேற்றுகள், கந்தகம், மதுசாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. சமையல் உப்பைக்கூட ருசி பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். அலுமாரி வெறுமையானது. வகுப்பும் மெல்ல வெறுமையானது. ஒரு தாய் என்னிடம் வந்து, "மிஸ், கோவிக்காதீங்க. என்ட மகன ஆர்ட்ஸுக்கு மாத்திடுங்க. கெமிஸ்ட்ரி புத்தகத்தோட அவன் பஸ்ஸில போறது எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதார். நல்ல மூளை அந்தப் பெடியனுக்கு. நான் மறுக்கவில்லை. மறுத்து, நாளைக்கு அவனை ஒரு காவலரணில் இறக்கினால் அந்தத் தாய்க்கு நான் என்ன சொல்வேன்? ஒருவர் பின் ஒருவராகப் பெடியன்கள் போனார்கள். பெட்டைகள் சிலர் மட்டும் மிஞ்சினார்கள்.

மிஞ்சியவர்களுக்குச் செவ்வரத்தம்பூச் சாற்றிலும் தேசிக்காய்ப் புளியிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் அமிலமும் காரமும் காட்டினேன். களப்புத் தண்ணீரை வற்றக் காய்ச்சி உப்பு எடுத்தோம். அதற்கு மேலானவற்றைக் கரும்பலகையில் வரைந்தேன். எந்தப் பொருள் எப்போது ஆபத்து என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அதைச் சொல்லும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் சமாதானம் வந்த பிறகும் போகவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு காலம் வந்தால் உங்களுக்குத் தெரிந்திருப்பதே உங்கள்மேல் குற்றமாகும். அப்போதும் பிள்ளைகளுக்கு ஆபத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். யாரோடு சேர்ந்து போய் நிற்பது என்றும் யோசித்து வையுங்கள். தனியே போயிருந்தால் நான் அன்று திரும்பியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

அந்த வகுப்பில் உச்சமுனைப் பெண் ஒருத்திதான் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். போகும் வழியில் பாலாவிப் பக்கத்துக் காவலரணில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அவளுடைய பெட்டியைத் திறந்து இரசாயனப் புத்தகத்தை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டானாம். இரசாயனவியல் பாடப்புத்தகம் என்று அவள் சிங்களத்தில் பதில் சொன்னாளாம். அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் பெட்டியோடு வெயிலில் நின்றாள். பஸ் கொஞ்ச நேரம் ஹோர்ன் அடித்துவிட்டு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. நெடுநேரம் கழித்து வேறொருவன் வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அட்டை மடங்கியிருந்ததாம். அவள் அதைத் தட்டி நேராக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.